பூன் குடும்பத்தின் நிலமும் குவேக்கர் தேதிகளும்: இதுவரை

அமெரிக்க எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் முன்னோர் பென்சில்வேனியாவில் வாழ்ந்த காலத்தை, அதாவது 1717 முதல் 1750 வரையிலான ஆண்டுகளை, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் கூட்டப் (உள்ளூர்ச் சபை) பதிவுகளிலிருந்தும் நிலப் பத்திரங்களிலிருந்தும் எடுத்து ஒரே கால வரிசையாக அடுக்கும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. இவ்வளவு காலம் இழுத்தடித்தவை தேதிகள்தாம். நிலப் பத்திரங்கள் அந்த அளவுக்குத் தொல்லை தரவில்லை.

டேனியலின் பெற்றோரான ஸ்கொயர் பூனுக்கும் சாரா மோர்கனுக்கும் பென்சில்வேனியாவின் க்வினெட் கூட்டத்தில் திருமணம் நடந்த நாள் 1720, ஏழாம் மாதம் 23. இணையத்தில் கைமாறி வரும் குடும்ப மரங்கள் சிலவற்றில் இது ஜூலை 23 ஆகிவிட்டது. அன்றைய குவேக்கர் கணக்கில் முதல் மாதம் மார்ச் என்பதால், அது செப்டம்பர் 23தான். தாத்தா ஜார்ஜ் பூனின் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் பயனுள்ளதாக அமைந்தது. அவர் பிலடெல்பியாவில் கரையிறங்கியது 1717 செப்டம்பர் 29. இங்கிலாந்தின் டெவன்ஷயர் கூட்டம் கொடுத்த நன்னடத்தைச் சான்றை க்வினெட்டில் அளித்தது அதே ஆண்டு பத்தாம் மாதம் 31. இதை அக்டோபர் என்று படித்தால் இடைவெளி ஒரே மாதம். டிசம்பர் என்று சரியாகப் படித்தால் மூன்று மாதம். குடும்பம் முதலில் அபிங்டனில் சில காலம் தங்கியது என்ற செய்திக்கு அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

பதினோராம், பன்னிரண்டாம் மாதங்கள்தாம் உண்மையான தலைவலி. அன்று ஆண்டே மார்ச்சில்தான் தொடங்கியது என்பதால், 1730 பதினோராம் மாதம் என்றால் நம் கணக்கில் 1731 ஜனவரி. பத்திரம் எழுதியவர்களோ மாதப் பெயரைப் போட்டு ஆண்டை 1730/31 என்று இரட்டையாக எழுதுவதுண்டு; இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், வாங்குவதற்கு முன்பே நிலத்தை விற்றதாக வரிசை புரண்டுவிடும். எனவே பதிவில் உள்ளபடி, மாதமும் ஆண்டும் திருத்தியபடி, 1752-இல் நாட்காட்டி மாறியபோது விடுபட்ட பதினொரு நாளையும் கூட்டிய புதிய கணக்குப்படி என்று அட்டவணையில் மூன்று பத்திகள் வைத்துக்கொண்டேன். வரிசைப்படுத்துவதற்கு நடுப்பத்தியே போதும்; இரு வகை ஆவணங்களும் பழைய நாட்காட்டியிலேயே இருக்கும்போது பதினொரு நாளைக் கூட்டுவது வீண் வேலை. டேனியலின் பிறந்த நாள் 1734 அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் இரு விதமாக வழங்குவது இந்த மூன்றாம் பத்தியின் சங்கதிதான். இன்னொரு சோதனையும் உண்டு: ஆண்டுத் தொடக்கத்தை ஜனவரிக்கு மாற்றிய சட்டத்தால் 1751-ஆம் ஆண்டு பத்தாம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டுக்குப் பன்னிரண்டாம் மாதத் தேதி ஒன்றை யாராவது கொடுத்தால், மூலப் பக்கத்தைப் பார்க்காமல் ஏற்க வேண்டாம். பதிவுகளைப் பிறர் தட்டச்சு செய்து தந்த சுருக்கங்களை நான் நம்புவதில்லை. சொல்லாமலே மாதத்தை மாற்றிவிடுகிறார்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, எல்லை மாற்றங்களை நினைவில் வைத்தால் பாதி வேலை தீரும். ஸ்கொயர் 1728-இல் வாங்கிய 147 ஏக்கர் பக்ஸ் கவுண்டியை (மாவட்டம் போன்ற பிரிவு) சேர்ந்தது. 1730-இல் வாங்கிய ஓலி பள்ளத்தாக்கின் 250 ஏக்கர் இன்று பெர்க்ஸ் கவுண்டியில் இருந்தாலும், அந்தக் கவுண்டி 1752-இல்தான் பிறந்தது. ஆகவே அந்தப் பத்திரத்தைப் பிலடெல்பியா பதிவுகளில்தான் தேட வேண்டும். வாரண்ட் (நிலத்தை அளக்கச் சொல்லும் ஆணை) பதிவேடுகளையும் சர்வே நகல்களையும் பென்சில்வேனியா மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறது.

ஜார்ஜின் 400 ஏக்கரைப் பத்திரத்தின் எல்லை அளவுகளைக் கொண்டு வரைந்து பார்க்கும் பணி பாதியில் நிற்கிறது. 160 சதுர பெர்ச் (பழைய நில அளவு) ஓர் ஏக்கர் என்ற கணக்கில் பரப்பு கூடுதலாக வந்தால் உடனே கோணங்களைச் சந்தேகிக்கக் கூடாது. சாலைக்காக நூற்றுக்கு ஆறு ஏக்கர் சேர்த்துக் கொடுப்பது பென்சில்வேனியாவின் உரிமையாளர்களான பென் குடும்பத்தின் வழக்கம் என்பதால், 424 வரை இயல்பே.

அதற்குள் மனம் வட கரோலினாவுக்குப் போய்விட்டது. மகன் இஸ்ரேல் குவேக்கர் அல்லாத பெண்ணை மணந்ததற்கு வருத்தம் தெரிவிக்க மறுத்த ஸ்கொயரை 1748-இல் கூட்டம் விலக்கிவைத்தது. 1750-இல் குடும்பம் தெற்கே புறப்பட்டது. அங்கே பெரும் நிலப்பரப்புக்கு உரிமையாளரான கிரான்வில் பிரபுவின் நில அலுவலகம் 1753-இல் அவருக்கு வழங்கிய 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல், என்னுடைய அடுத்த இலக்கு. அந்த ஆவணங்கள் புதிய நாட்காட்டிக்கு வந்துவிட்டவை. மூன்று பத்திகளில் இரண்டைத் தொடக்கத்திலேயே மூடிவிடலாம்.