அப்பாவின் பைபாஸும் அவரை நடக்க வைத்த நாட்களும்

அப்பாவுக்கு 74 வயது. இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் ஆபரேஷன்தான் வழி என்றார்கள். ஆபரேஷனுக்கு 9 நாள் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, "ஊதக்கூடாது ஐயா, உறிஞ்சணும்" என்றார். திண்ணையில் உட்கார்ந்து மணிக்குப் பத்துத் தடவை உறிஞ்சுவார் அப்பா. முதல் நாள் ஒரு பந்துதான் எழும்பியது, கிளம்புகிற அன்று இரண்டு. அந்தப் பழக்கம்தான் பிறகு சளி கட்டாமல் காப்பாற்றியது என்று நம்புகிறேன். நெஞ்சு வலியோடு கிடக்கிறவருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்து ஆகிற காரியமில்லை அது.

ஐ.சி.யூ.வில் இரண்டாம் நாள் ராத்திரி அவருக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. என்னை அத்தை என்று நினைத்துக்கொண்டு, "வயலுக்குத் தண்ணி பாஞ்சிருச்சா?" என்று கேட்டார். கையிலிருந்த டியூபைப் பிடுங்கப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். நர்ஸ் அம்மா, "வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வர்றதுண்டு. கண்ணாடி, காது மெஷின் எங்கம்மா?" என்றார். இரண்டும் இரண்டு நாளாக என் கைப்பையில் கிடந்தன! மாட்டிவிட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். முழுசாகத் தெளிய மேலும் இரண்டு நாள் ஆனது. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள், கண்ணாடியையும் காது மெஷினையும் முன்கூட்டியே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு தப்புச் செய்தோம். தம்பி அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அப்பா அலறிவிட்டார். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கையை ஊன்றவோ இழுக்கவோ கூடாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, கால் பலத்தில்தான் எழ வேண்டும். இருமும்போதும் அதே தலையணைதான்.

"நெஞ்சைப் பொளந்த மனுசன நடக்க விடுறியே" என்று அத்தைக்கு என்மேல் கோபம். முதல் வாரம் கூடத்திலிருந்து கொல்லை வரை, 5 நிமிஷம், நாலு வேளை. நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பேன். மூச்சு வாங்கினால் நாற்காலி. வாய் கசந்து சோறு இறங்காத நாட்களில் பாசிப்பருப்புக் கஞ்சியும் முட்டை வெள்ளைக்கருவும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டோம், முக்கினால் நெஞ்சு விண்ணென்று வலிக்கும்.

தினமும் காலையில் காபிக்கு முன்னால் எடை. 11-ஆம் நாள், இரண்டே நாளில் 2 கிலோ ஏறியிருந்தது. பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் மட்டுமல்ல, மற்ற காலும் வீங்கியிருந்தது. உடனே டாக்டருக்கு போன் செய்தேன். உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று வரச் சொல்லிப் பார்த்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது 10-ஆவது வாரம். சாயங்காலம் பிள்ளையார் கோயில் வரை அரை மணி நேரம் நடக்கிறார். அத்தையும் கூடப் போகிறார்.