உதிர்ந்துபோன ஒரு கழித்தல் குறி

கணிதப் பாடநூல் ஒன்றில் உள்ள அச்சுப்பிழைகளைத் தேடித் திருத்தப் பட்டியல் போட்டுவருகிறேன். அதில் ஆயத்தொலை வடிவியல் இயலுக்கான பட்டியலை முடிக்கவிடாமல் ஒரே ஒரு கணக்கு வழிமறித்துக்கொண்டிருந்தது. போன வாரம் ஒருவழியாக அது தீர்ந்தது.

(3, 1), (−1, 1) ஆகிய புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவையும் நடுப்புள்ளியையும் காண வேண்டும். கடைசிப் பக்கங்களில் உள்ள விடைகள் 2√5, (1, 0). அச்சில் உள்ளபடியே போட்டால் 4, (1, 1) என்று வருகிறது. இரண்டு விடைகளும் சேர்ந்தே ஒத்துவராதபோது சந்தேகம் வினாவின் மேல்தான் விழும். முதல் புள்ளியை (3, −1) என்று வைத்தேன். 16-உம் 4-உம் 20, அதன் வர்க்கமூலம் 2√5. நடுப்புள்ளி (1, 0). கச்சிதம். பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். ஆனால் முதல் புள்ளியைத் தொடாமல் இரண்டாவதை (−1, −1) என்று மாற்றினாலும் அதே 2√5, அதே (1, 0)! ஒரு புள்ளியை மட்டும் திருத்துவதென்றால் இந்த இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாது. சாய்வையும் கேட்டிருந்தால் ஒன்றில் −1/2, மற்றதில் 1/2 என்று குட்டு உடைந்திருக்கும். நூலாசிரியர் கேட்கவில்லை.

எதை எழுதினால் என்ன, விடை ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படி ஒப்பேற்றுவதற்கு இந்த வேலையே எதற்கு? ஆசிரியர் எழுதியது எதுவோ, பட்டியலில் அதுதான் ஏற வேண்டும்.

பதிப்பகத்துக்கு எழுதிப் பார்த்தேன். அடுத்த அச்சில் கவனிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த அச்சும் வந்தது. அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது. கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் தம் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் தருவதாக அறிவித்தவர். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் 100. 2008-இலிருந்து காசோலைக்குப் பதில், கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்புகிறார். எனக்குச் சான்றிதழ்கூட வேண்டாம், அந்தக் கழித்தல் குறியைப் போட்டால் போதும்.

பழைய அச்சைத் தேடி மூர் மார்க்கெட் பக்கம் போனேன். பழைய பாடநூல் வாங்குவதில் உள்ள தலைவலி உங்களுக்குத் தெரியும்: பெயர் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டுத்தான் கடையில் போடுவார்கள், பதிப்பு விவரமும் அதோடு போய்விடும். பின்னட்டை விலையை வைத்துத்தான் எது முந்தையது என்று பிடிக்க வேண்டியிருக்கிறது. அழிப்பான் படாத, பென்சில் குறிப்புகள் நிறைந்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்லப் போட்ட திருத்தங்கள் அவை. கடைக்காரர் அதற்காகவே விலையைக் குறைப்பார்.

எனக்குக் கிடைத்த பிரதியில் அந்தக் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஒரு வரி ‘(3, −’ என்று முடிந்து, அடுத்த வரி ‘1)’ என்று தொடங்குகிறது. மறுபடி அச்சுக்கோத்தவர், வரி முடிவில் நின்ற அந்தக் கோட்டைச் சொல்லை உடைக்கப் போடும் இணைப்புக்கோடு என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறார். ஆக, (3, −1)தான் சரி. அதைவிட, ஒரு நல்ல உபாயமும் கையில் கிடைத்துவிட்டது. பழைய அச்சில் வரி முடிவில் கழித்தல் குறி நிற்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு புதிய அச்சைப் புரட்டினேன். அதே இயலில் மேலும் சில அகப்பட்டன.

தொகையீட்டில் பிழை என்று எனக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைன், காஸ் இரண்டின் பெருக்கலைத் தொகையிட்டால் சைன் வர்க்கத்தில் பாதி என்றும் வரும், காஸ் வர்க்கத்தில் பாதிக்குக் கழித்தல் குறி போட்டும் வரும். இரண்டும் சரிதான்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் மாறிலி, அதாவது எந்த மதிப்பைப் போட்டாலும் மாறாத ஓர் எண். உங்கள் விடையிலும் புத்தக விடையிலும் ஏதாவது இரண்டு மதிப்புகளைப் போட்டுக் கழித்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

திரிகோணமிதி இயல் பாதியில் கிடக்கிறது. அதற்குள் பழைய நான்கிலக்க மடக்கை (லாகரிதம்) அட்டவணை ஒன்றையும் வாங்கிவிட்டேன். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை வரிசையாக எழுதினால் அச்சுப்பிழை தானாகத் தலைகாட்டும்: 10, 11, 10 என்று போகும் இடத்தில் திடீரென 20-உம் அதை ஒட்டி 1-உம் வந்தால் நடுவில் உள்ள எண்ணில் 10 கூடுதலாக ஏறியிருக்கிறது. முதல் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் உறுத்துகிறது. மை பரவிய 3-ஆ, உண்மையிலேயே 8-ஆ என்று பூதக்கண்ணாடி வந்தால்தான் சொல்ல முடியும்.