கையில் ஒன்று, காலில் ஒன்று

ஜனவரி 21, 2024, ஞாயிறு

கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டில், டானிக் பாட்டில்களுக்குப் பின்னால், பதினொரு பல்ஸ் ஆக்சிமீட்டர் பெட்டிகள். 2021 மே மாதம் வாங்கியதில் மிச்சம். அந்த மே மாதத்தை மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கும் யாரும் மறக்க மாட்டார்கள். ஷட்டரைத் தூக்கும் முன்பே ஆள் நிற்கும். "அண்ணே, விரல்ல மாட்டுற மிஷினு இருக்கா?" ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை ஊரே பேசிய காலம். தொண்ணூற்றி நாலுக்குக் கீழே போனால் விடாதே என்று சின்னப் பையன்கூடச் சொல்வான்.

அடுத்த வருஷம் ஜூனில் எனக்குப் பெண் பிறந்தாள். ஆறாம் நாள் போய்விட்டாள். அந்த ஆறு நாளில் அவளுக்கு ஆக்சிஜன் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. இந்தக் கருவியை நூற்றுக்கணக்கில் விற்ற நானும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. கொழுந்தியாளை குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில் கொடுத்திருக்கிறோம். போன வாரம் அங்கேயே பையன் பிறந்தான். நேற்று போனில் பேசிக்கொண்டிருந்தவள், "ரெண்டாம் நாள் சிஸ்டர் வந்து வலது கையிலயும் கால்லயும் பட்டை மாதிரி சுத்திப் பாத்தாங்க மாமா. தொண்ணூத்தெட்டுன்னு எழுதிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேட்டா, நெஞ்சுக்குள்ள கோளாறு இருக்கான்னு தெரியுமாம்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளாகவே வைத்துவிட்டாள்.

இங்கிருந்து குமுளி ஒரு மணி நேரம்.

ஜனவரி 26, வெள்ளி

கிராம சபை. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் முடிந்தபின் எழுந்தேன். பிறந்த குழந்தை எல்லோருக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன் ஆக்சிஜன் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள் என்றேன். கை கொஞ்சம் நடுங்கியது.

"அதெல்லாம் நம்ம அதிகாரத்துல வராதுப்பா" என்றார் தலைவர். ஆனாலும் எழுதிக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் நாலு அறையும் சரியாக இருக்கிறது என்றுதான் போட்டிருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது. என் மகளுக்குக் கோளாறு அறைகளில் இல்லை, அவற்றிலிருந்து கிளம்பும் குழாய்களில். அதைத் தனியாகத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சபையில் இவ்வளவும் சொல்ல வரவில்லை. "தெரியலைண்ணே" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

தேனி, ஆட்சியர் அலுவலகம், மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் காவலர் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று வந்தவர்களுக்கு நடுவில் நான்.

மனு எழுதத்தான் ஒரு வாரம் ஆனது. முதல் தடவை நாலு பக்கம் வந்தது, அழுகையும் ஆத்திரமுமாக. கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரு பக்கம். பிரசவம் பார்க்கும் எல்லா இடத்திலும், இருபத்து நாலு மணி நேரம் கழிந்தபின், வலது கையிலும் ஒரு காலிலும் பார்க்க வேண்டும். அளவைத் தாயின் அட்டையிலேயே எழுத வேண்டும். இவ்வளவுதான்.

இணைப்பாகப் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும். இரண்டிலும் பெயர் இல்லை. முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். மனுவை வாங்கியவர் முதலில், "பேரு விட்டுப்போச்சே, எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். அப்புறம் தேதிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சீல் குத்தி ரசீது கொடுத்தார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 14, புதன்

பிறவி இதயக் குறைபாடு விழிப்புணர்வு நாளும் இன்றைக்குத்தானாம். எங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர்தான் சொன்னார். ஆறாம் நாள் காலையில் பாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல், "கார் பிடிங்க, மதுரை" என்றவர் அவர்தான். ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டும்போது என் மனைவி மடியில் அவள் முனகிக்கொண்டிருந்தாள். மதுரையில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து முடிந்துவிட்டது.

இன்று மதியம் அவர் கிளினிக் மூடும் நேரத்துக்குப் போனேன். சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். பெருந்தமனியும் நுரையீரலுக்குப் போகும் தமனியும் இடம் மாறி முளைத்திருந்தன. உடம்பிலிருந்து வரும் கெட்ட ரத்தம் உடம்புக்கே போகிறது. நுரையீரலில் சுத்தமான ரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. இரண்டும் கலக்க ஒரு வழி வேண்டும். கருவில் இருக்கும் ஒரு சிறிய இணைப்புக் குழாய் பிறந்த பிறகும் சில நாள் திறந்திருக்கும். மேல் அறைகளுக்கு நடுவில் ஒரு ஓட்டையும் இருந்தது. ஓட்டை போதாது. குழாய் மூடத் தொடங்கியதும் அவள் பால் குடிக்க முடியாமல் ஆனாள்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. அந்தக் குழாயை மூடவிடாமல் வைக்க மருந்து இருக்கிறது, சொட்டுச் சொட்டாக ஏற்றலாம். பிறகு சில வாரங்களுக்குள் அறுவை செய்து தமனிகளை இடம் மாற்றிவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டிலேயே முடியும். இதை நான் மறுபடி மறுபடி யோசிக்கிறேன். லட்சக்கணக்கில் ஆகும் ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. அதற்கு முந்திய இரண்டு நிமிஷப் பரிசோதனைக்குத்தான் ஆள் இல்லை. மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் 2013-லேயே வந்தது. அதன் பட்டியலில் பிறவி இதயக் கோளாறும் உண்டு. பட்டியலில் இருப்பது வேறு, பிறந்த மறுநாள் காலில் பட்டை சுற்றுவது வேறு.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. ஆக்சிஜன் எண்பதுக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் கண்ணுக்கு நீலம் தெரியுமாம். நம் நிறத்துத் தோலில் அதற்கும் பிந்தி. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்த்தால்தான் உண்டு.

நாங்கள் நிறத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்த அத்தனை பேரும் நிறத்தைத்தான் பார்த்தார்கள். "அப்பன் மாதிரி, கொஞ்சம் மட்டு" என்றாள் என் அம்மா. குங்குமப்பூ வாங்கித் தந்தீர்களா என்று ஒரு சித்தி கேட்டார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் வெளுக்கும் என்று இன்னொருத்தி. கருப்பு, மாநிறம், சிவப்பு என்று ஆறு நாளும் நிறத்தைப் பற்றிய பேச்சே ஓடியது. அவள் கருப்பில்லை, நீலம்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்ததை என் மனைவி சொன்னாள். ஜூன் மாசம், ஃபேன் காற்று பத்தவில்லை என்று நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

எழுதியதைப் படித்துவிட்டு நண்பன் கேட்டான், கடையில் இருந்த மிஷினையே மாட்டியிருக்கலாமே என்று. அவன்மேல் கோபமில்லை. நானும் பல ராத்திரி அதையே நினைத்தவன். பெரியவர் விரலுக்கான கிளிப் பிறந்த குழந்தைக்கு ஆகாது, சரியான எண் காட்டாது. உள்ளங்கையிலும் பாதத்திலும் சுற்றும் புரோப் தனி. அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் அது இருந்ததா என்று தெரியாது. மானிட்டர் இருந்தது. தியேட்டர் கதவு வழியாக நானே பார்த்தேன்.

அமெரிக்க டாக்டர்கள் 2011-ல் வகுத்த கணக்கு சுலபம். கையிலோ காலிலோ ஏதாவது ஒன்றில் 95-க்குக் குறையாமல் இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் பாஸ். எதிலாவது 90-க்குக் கீழே என்றால் உடனே டாக்டர். நடுவில் தொங்கினால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. அந்த வருஷமே அங்கே, பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைகளின் தேசியப் பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் அதே வருஷம் சட்டமே வந்தது. இப்படிக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் கடும் இதயக் குறைபாட்டால் குழந்தைகள் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2017-ல் ஆய்வு வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கடுமையான கோளாறுகளில் நாலில் மூன்றைப் பிடிக்கும். பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருந்தால் தப்பிவிடக்கூடும். சாதாரண ஓட்டைகள் இதில் வராது. கறுத்த தோலில் கருவியே கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்றும் ஆராய்ச்சி இருக்கிறது. ஆனாலும் கண்ணைவிட மேல்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் வேலை செய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பான் பொறியாளர். 1970-களில். 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே அவர் கருவியை விரலில் மாட்டத் தொடங்கிய மாதம். இது தெரியாமலேயே விற்றுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, திங்கள்

நேற்று முன்தினம் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். குறைதீர்க்கும் கூட்டம் கிடையாது. மனுப்பெட்டி மட்டும். ஜூன் வரை ஒரு கோப்பும் நகராதாம்.

ஜூன் 11, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வருவார்கள். கிராம சுகாதார செவிலியர் பத்து நிமிஷம் ஒதுக்கித் தந்தார். என் மனைவியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. வண்டியை எடுக்கும்போது பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நான் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகங்களைப் பார்த்தால் தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை. அவள் குறுக்கே வந்தாள். "பால் குடிக்கிறப்ப பாதியில விட்டுட்டு மூச்சு வாங்குதா பாருங்க. நெத்தி வேர்க்குதா பாருங்க. அழும்போது நாக்கைப் பாருங்க. வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, கையிலயும் கால்லயும் ஆக்சிஜன் பாத்தாச்சான்னு கேளுங்க. கேட்டா திட்டுவாங்களோன்னு பயப்படாதீங்க. நான் பயந்தேன்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை எனக்கும் புதுசு. திரும்பி வரும்போது நானும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது: 'தங்கள் கோரிக்கை உரிய நடவடிக்கைக்காகத் துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' சரி.

காத்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று, ஒரு நர்சிங் ஹோமில் போய்ப் பேசினேன். பாப்பா பிறந்த இடமல்ல, வேறு. அந்தம்மா டாக்டர் யோசித்துவிட்டு, "மானிட்டர் இருக்கு, புரோப்தான் இல்லை" என்றார். வாங்கித் தருகிறேன் என்றேன். முதலில் வந்த புரோப்பின் பிளக் அவர்கள் மானிட்டரில் ஏறவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பிளக் வேறாம். இத்தனை வருஷம் மருந்து விற்றும் இது தெரியவில்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம்.

ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, நேரம், எடை, வலது கை, கால். ஒரு மாதத்தில் இருபத்தாறு குழந்தைகள். எல்லாம் பாஸ். சிஸ்டருக்கு என்மேல் கொஞ்சம் கடுப்பு. குழந்தை அழுதால் எண் நிற்காது, பாதம் சில்லிட்டிருந்தால் காட்டவே காட்டாது. துணியால் சுற்றிச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் என்று நான் சொல்லியிருந்தேன். "பத்து நிமிஷம் ஆகுதுங்கண்ணே, ஒத்தை ஆளா மூணு வார்டு பாக்குறேன்" என்றார். நியாயம்தான். மனுவில் இனி இரண்டு நிமிஷம் என்று எழுதக்கூடாது.

செப்டம்பர் 12, வியாழன்

ராத்திரி ஒன்பதுக்கு சிஸ்டர் போன். ஆண் குழந்தை, கை 92, கால் 91. ஒரு மணி நேரம் கழித்தும் அதே. டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கணவாயில் இன்னொரு கார் போய்க்கொண்டிருக்கும். இதயக் கோளாறாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இருந்தால்தான் என் நோட்டுக்கு அர்த்தம் என்று மனதின் இன்னொரு மூலை சொன்னது. அப்படி நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

எக்கோவில் இதயம் நன்றாக இருந்ததாம். நுரையீரலில் கிருமித் தொற்று. எட்டு நாள் உள்ளே வைத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். டாக்டர் அம்மா சொன்னார், இதயக் கோளாறு இல்லாவிட்டால் பல தடவை இப்படி வேறு ஏதாவது இருக்கும், இதுவும் பிடிபட வேண்டியதுதான் என்று.

குழந்தையின் அப்பத்தாவுக்கு அதெல்லாம் பேச்சே இல்லை. இன்று சாயங்காலம் மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நான்தான் புரோப் வாங்கிக் கொடுத்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நல்லாருக்க புள்ளைய நெஞ்சுல கோளாறுன்னு சொல்லி அலைய விட்டுட்டீங்களே! கார் வாடகை, சாப்பாடுன்னு பதினோராயிரம். என் மகன் வட்டிக்கு வாங்கிருக்கான். பச்சை ஒடம்புக்காரி தரையில படுத்துக் கெடந்தா." கடை வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பதினோராயிரம் நிஜம், வட்டியும் நிஜம். இதை யார் கொடுப்பார்கள் என்று என் மனுவில் ஒரு வரி இல்லை.

திட்டி முடித்ததும் மருந்துச் சீட்டை நீட்டினார். விட்டமின் சொட்டு மருந்து. "விலையக் கொறச்சுப் போடு" என்றார்.

சீட்டைப் பார்ப்பது போலக் குழந்தையைப் பார்த்தேன். என்னைவிடக் கருப்பு. வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான். நாக்கு நல்ல சிவப்பு. மருந்தை எடுக்க உள்ளே போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வர முடிந்தது.