பருப்பு வேகாத தண்ணீரும் பாசிப் பூச்சும்

கற்றாழை நார்த் துணிக்கு பிளாஸ்டிக் கலக்காத பூச்சு ஒன்று போட்டுவிட வேண்டும் என்று ஒன்றரை வருடம் அலைந்தேன். துணி சீக்கிரமே அமைந்தது. சாயல்குடிப் பக்கம் வேலியோரம் நிற்கும் ரயில் கற்றாழை மடலைச் சீவி, அலசிக் காயவைத்து, எமனேசுவரத்தில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். சாறு பட்ட கையெல்லாம் இரண்டு நாள் அரிப்பு. பாவு (நெடுக்கு நூல்) பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) நார். "தம்பி, நனைச்சுக் குடு, காஞ்சா ஒடியுது" என்றார். ஈரத்தோடு ஓட்டியதும் படிந்தது.

பூச்சுதான் படுத்தியது. நம் கடலில் பெண்கள் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் கிடைக்கிறது, அதையே பூசுவோம் என்று நினைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் தூள். கலக்கக் கலக்கக் கட்டி கட்டியாகத் திரண்டது. தூள்தான் சரியில்லை என்று வேறு வாங்கினேன், அதுவும் அப்படியே. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கிணத்துத் தண்ணியா? அதுல பருப்பே வேகாதேப்பா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஆல்ஜினேட்டை இறுக வைப்பது கால்சியம். பூசிய பிறகு நான் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கி இறுக்க நினைத்ததை, கிணற்றுத் தண்ணீரில் இருந்த கால்சிய உப்பு முன்கூட்டியே செய்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கரைத்தேன். தேன் போல வழவழப்பாக வந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் காய்ந்த பூச்சு, வற்றிய ஊருணித் தரை மாதிரி வெடித்தது. கிளிசரின் சேர்த்தேன். அதிகமானால் கடல் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கிறது. தூளில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் நின்றது. தண்ணீர் பட்டால் இந்தப் பூச்சு ஊறும் என்பதால் மேலே தேன்மெழுகு தடவினேன்.

மூக்கையூரில் படகுக்குப் போகும் மாமா ஒருவரிடம் இந்தத் துணியில் தைத்த பை ஒன்று கொடுத்தனுப்பினேன். சில நாளில் மெழுகு உரிந்த மடிப்பெல்லாம் கொழகொழவென்று திரும்பி வந்தது. கடல் நீரின் சோடியம், பூச்சில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து அதை மறுபடி இளக்கிவிடுகிறது. கடலில் பிறந்த பொருளுக்குக் கடலே ஆகவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம்.

இப்போது முண்டு மிளகாய் வற்றல் வைக்கிற பை தைக்கிறோம், கரைக்கு மட்டும். மாமாவின் பைக்கு ஆல்ஜினேட்டை விட்டுவிட்டு, மெழுகை மட்டும் இரண்டு தடவை ஏற்றிப் பார்க்கிறேன்.