ஆங்கிலேய பாணி பீர்கள்: குளிர் தணிந்த பிறகு கிடைக்கும் சுவை

வீரியம் குறைந்ததில் தொடங்கி அடர்த்தியானதில் முடிப்பதே பீர் சுவைப்பதன் வழக்கமான ஒழுங்கு. ப்ரூபப்பிலேயே (பீரைத் தானே காய்ச்சி விற்கும் மதுக்கூடத்திலேயே) காய்ச்சப்படும் ஆங்கிலேய பாணி பீர்களை மைல்ட், பிட்டர், இ.எஸ்.பி. (எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்), போர்ட்டர், பார்லி ஒயின் என்ற அந்த வரிசையிலேயே சிறு கோப்பைகளில் வாங்கிச் சுவைத்து வருகிறேன். இம்முறை வெப்பநிலையில் கவனம் வைத்து, கோப்பை வந்தவுடன் ஒரு மிடறும், அது மேசையில் சிறிது நேரம் இருந்து குளிர் தணிந்த பிறகு இன்னொரு மிடறும் குடித்துக் குறிப்பெடுத்தேன்.

மைல்ட் கருஞ்சிவப்பாக இருந்தாலும் ஆல்கஹால் 3.5 சதவீத அளவுதான். நிறத்தைப் பார்த்து வீரியத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. வறுத்த ரொட்டியின் மணமும் லேசான இனிப்பும் நாவில் தங்கின.

அதிக நேரம் செலவிட்டது பிட்டரில்தான். ஒரே பிட்டரை, வாயு அழுத்தத்தில் வெளிவரும் உலோகக் கலனான கெக்கிலிருந்தும், காஸ்க் எனப்படும் பீப்பாயிலிருந்து கைப்பம்பு மூலமாகவும் ஊற்றித் தருகிறார்கள் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. கெக் பீர் நன்கு குளிர்ந்து, வாயு மிகுந்து வந்ததால் நாவில் சுருக்கென்று குத்தியது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பைத் தவிர வேறெதுவும் முதலில் பிடிபடவில்லை. காஸ்க்கில் ஈஸ்ட் உயிரோடிருந்து உள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதால் வாயு மென்மையாகவே இருக்கும். அதை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறுவது மரபு. அந்தக் கோப்பையில் மாரிஸ் ஓட்டர் என்ற பார்லி வகையின் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) தரும் பிஸ்கட் சுவை முதலிலும், ஈஸ்ட் தரும் பழவாசம் அடுத்தும், கிழக்கு கென்ட் பகுதியின் பெயர் கொண்ட ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ ஹாப்ஸ் வகையின் மண்ணும் தேனும் கலந்த மணம் கடைசியிலும் தனித்தனியாக வந்தன. காஸ்க் ஏலை, அதாவது பீப்பாயில் நொதிக்கும் இவ்வகைப் பீரை, காப்பதற்கென்று 1971இல் கேம்ரா என்ற பிரிட்டிஷ் நுகர்வோர் இயக்கமே ஏன் தோன்றியது என்பது இவ்விரு கோப்பைகளையும் மாறி மாறிக் குடித்தால் விளங்கும். கெக் பிட்டர் குளிர் தணிந்ததும் காஸ்க்கை ஓரளவு நெருங்கியது என்றாலும் அந்த மென்மையை எட்டவில்லை.

இந்தப் பிட்டரின் கசப்பு நாவில் ஒட்டாமல் உலர்ந்து முடிவதற்கு நீரும் காரணம். பீருக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊரின் கிணற்று நீரில் இயல்பாகவே ஜிப்சம் மிகுதி. அதன் சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கும் என்பதால் பிற இடங்களில் காய்ச்சுவோர் ஜிப்சத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இ.எஸ்.பி.யில் வெண்ணெய் மிட்டாய் போன்ற மணம் மெல்லியதாக எழுந்தது. நொதித்தலின்போது உருவாகும் டயசெட்டில் என்ற சேர்மத்தின் மணம்தான் அது. போதிய அவகாசம் கொடுத்தால் ஈஸ்ட்டே டயசெட்டிலை உறிஞ்சி நீக்கிவிடும். ஆங்கிலேய ஏல்களில் சிறிதளவு இருப்பது குறையன்று, ஆனால் சூடு ஏற ஏற அது மேலோங்கியதால் இந்தப் பீரை மட்டும் சற்றுக் குளிராகவே குடிப்பது நல்லது.

போர்ட்டரில் சாக்லேட் கசப்பு அளவாக இருந்தது. டேனியல் வீலர் 1817இல் மால்ட்டை உருளையில் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, கொஞ்சம் கருமால்ட்டைச் சேர்த்து இந்த நிறத்தைக் கொண்டுவருவது எளிதாயிற்று.

கடைசியாகக் குடித்த பார்லி ஒயின், 9 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் கொண்டது. குளிர்ந்த மிடறில் ஆல்கஹாலின் எரிவு மட்டுமே இருந்தது. கோப்பையை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிய பிறகு உலர்ந்த அத்திப்பழமும் வெல்லப்பாகும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இந்த வரிசையில் மிக அதிகமாக மாறியது இதுதான். காஸ்க்கைத் திறந்த மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பார்கள். ஒரே பீப்பாயின் பிட்டரை முதல் நாளும் மூன்றாம் நாளும் சுவைத்து, உள்ளே புகும் காற்று அதை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பதே அடுத்த வேலை.