அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?

கமரா விட்டு வயிற்றைப் பார்ப்பதற்கு முன் நோயாளிக்குத் தமிழில் வீடியோ காட்ட வேண்டும் என்று எங்கள் யூனிட்டில் விடாமல் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். டொக்டருக்குத் தமிழ் வராது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவருக்குச் சிங்களம் அரைகுறை. நடுவில் யாராவது ஓடிப்போய் இரண்டு வரி சொல்வதைத்தான் விளக்கம் என்று வைத்திருந்தோம். வீடியோ அவசரப்படாது. தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும், குழாய் சாப்பாடு இறங்கும் வழியாகப் போவதால் மூச்சு அடைக்காது, 5, 10 நிமிடத்தில் முடியும் என்று எல்லாவற்றையும் சொல்கிறது. 6 மணித்தியாலம் வெறும் வயிறு என்றால் முதல் பஸ்ஸுக்கு முன் குடிக்கும் பிளேன்டீயும் கூடாது என்பதைக் கிளினிக்கிலேயே காட்டிவிடுகிறோம். டீயைக் குடித்துவிட்டு வந்து, அன்றைய பேரும் போய், பரிசோதனையும் தள்ளிப்போய் நிற்பவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

ஆனால் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். பெருவிரல் வெடிப்பில் கறை இன்னும் கறுப்பாக நின்றது. வீடியோவில் ஒரு பெண் கட்டிலில் படுப்பாள், குழாய் வாயருகே வரும், அதோடு படம் வயிற்றுக்குள் போய்விடும். அவளைத் திரும்பக் காட்டுவதில்லை.

“அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு மிஸ்?”

“அவங்க நடிக்கிறவங்கம்மா. நோயாளி இல்ல.”

“அப்ப கொழா போகலையா?”

“அவங்களுக்குப் போகல.”

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, குடுங்க மிஸ். எங்க வைக்கணும்? எல்.ஆர்.டி.க்கும் இப்படித்தான் கையெழுத்து வச்சேன்” என்றார்.

எல்.ஆர்.டி. என்றால் பெண்களுக்குச் செய்யும் கருத்தடை ஒப்பரேஷன். அதற்கு அரசாங்கம் காசு கொடுத்த 1980களைத்தான் சொல்கிறார். பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே கையெழுத்து வைத்ததாகச் சொல்லும் பெண்கள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். அந்தக் கையெழுத்தும் இதுவும் ஒன்றா? ஒன்றில்லை என்று அடித்துச் சொல்வேன். இவருக்கு எல்லாம் விளக்கப்பட்டது. டொக்டரும் வந்து பேசினார், நான் தமிழில் சொன்னேன், அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் புண், குளிசை எழுதிக் கொடுத்தார்கள்.

“அவங்க நல்லா இருக்காங்கம்மா” என்று சொல்லியிருக்கலாமோ? முடியாது. உண்மையைச் சொல்லத்தானே இந்த வீடியோவையே கேட்டு வாங்கினோம். ஆனால் அவர் விசாரித்தது அந்த நடிகையையா? இந்தக் குழாய் போய், எழுந்து வீட்டுக்குப் போன ஒருத்தியைக் காட்டு என்றுதான் கேட்டிருப்பார். அன்று காலையில் பரிசோதனை முடித்து வாங்கில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் பக்கத்திலேயே இருந்தார். அவரைக் காட்டிப் பேசச் சொல்வதும் நியாயமில்லை. அவர் வருத்தம் அவருடையது.

உண்மையிலேயே கமரா விட்டுக்கொண்ட தோட்டத்து ஆள் ஒருவரின் சம்மதத்தோடு புது வீடியோ எடுப்போம் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்ம ஆள் சொன்னால் கேள்வியே இல்லாமல் கையை நீட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அதுவரைக்கும் வீடியோ முடிந்ததும், “உங்களுக்கு என்ன செய்யப்போறாங்க, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்கிறேன். சிலர் அழகாகச் சொல்கிறார்கள். சிலர் “நீங்க சொல்றதுதான் மிஸ்” என்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு முறை போட்டுக் காட்டுகிறேன். அப்புறம் அவர்களிடமும் படிவத்தை நீட்டத்தான் செய்கிறேன்.