பூஸ்ட் கன்ட்ரோல்: லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்

டர்போ காருக்கு எலெக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோல் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிஎஸ்ஐ வரும்?" என்பதுதான். அதற்கான விடை எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவில் இல்லை. டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி வெளியே விடும் கதவுதான் வேஸ்ட்கேட்; அதைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் விடை இருக்கிறது. இசியு இயக்கும் மின்வால்வான சோலினாய்டால் பூஸ்டைக் கூட்ட மட்டுமே முடியும். ஸ்பிரிங் விடும் அளவுக்குக் கீழே ஒரு பிஎஸ்ஐகூட அதனால் இறக்க முடியாது. லேப்டாப் முன்னால் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி, ஹோஸிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கும் கோளாறை இசியுவின் டேபிளில் (எண் அட்டவணையில்) எண்களை மாற்றிச் சரிக்கட்டப் பார்ப்பதில்தான் போகிறது.

டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தம் ஆக்சுவேட்டரின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தைத் தள்ளும். ஸ்பிரிங்கின் விசையை மீறியதும் ராட் நகர்ந்து கதவு திறக்கும். புகையில் ஒரு பகுதி, டர்போவைச் சுழற்றும் டர்பைனைத் தொடாமல் வெளியேறும். மூன்று போர்ட் சோலினாய்டு இந்தக் குழாயின் நடுவே உட்கார்ந்து, ஆக்சுவேட்டருக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடுகிறது. உண்மையில் 14 பிஎஸ்ஐ இருக்கும்போது ஆக்சுவேட்டர் 7 பிஎஸ்ஐதான் இருக்கிறது என்று நம்பும். இந்த ஏமாற்று ஓர் எல்லைவரைதான் செல்லும். ஸ்பிரிங் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் போனால், புகையின் எதிரழுத்தமே கதவைத் தள்ளித் திறக்கத் தொடங்கும். 14 வேண்டுமென்றால் 7 பிஎஸ்ஐ ஸ்பிரிங் பொருத்தமானது. 20 வேண்டும் என்பவருக்கு முதலில் ஆக்சுவேட்டரை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் சோதனைக்குச் சோலினாய்டே வேண்டாம். கைப்பம்பும் கேஜும் வைத்து ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொடுத்து, ராட் எந்த அளவில் நகரத் தொடங்குகிறது, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ராடைக் கழற்றிவிட்டு, கதவை மூடிப் பிடித்தபடி பார்த்தால் ராட் முனையின் துளை, லீவரின் பின்னுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் எட்டாமல் இருக்க வேண்டும். இழுத்து மாட்டும்போது வரும் அந்த இறுக்கம்தான் ப்ரீலோடு. அதை மேலும் மேலும் ஏற்றிப் பூஸ்டைக் கூட்டுவது பழைய வித்தை. அப்படிச் செய்தால் கதவு முழுதாகத் திறக்க இடமில்லாமல் போய், மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறும்.

பிறகு கம்ப்ரசரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரே ஹோஸ் போட்டு, காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில் நான்காவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து ரெட்லைன்வரை முழு த்ராட்டில் ஓட்டம். மேனிஃபோல்டு (த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று எஞ்சினுக்குள் பிரியும் குழாய்) அழுத்தம், ஆர்பிஎம், த்ராட்டில், ஏர்-ஃப்யூயல் விகிதம், நாக் (எரிபொருள் கட்டுமீறி வெடித்து எரியும் தட்டல்) எல்லாம் லாகில் பதிவாக வேண்டும். ஸ்பிரிங் அளவிலேயே கோடு சமமாகப் போனால் நல்லது. மேலே போகப்போக ஏறினால் அது க்ரீப்: கதவின் துளை சிறிது, அல்லது புதிதாகப் போட்ட பெரிய டவுன்பைப் (டர்போவுக்குப் பின்னால் வரும் புகைக்குழாய்) புகையை முன்பைவிட வேகமாக விடுகிறது. ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்யும்போதே ஏறுகிற பூஸ்டை எந்த இசியுவும் இறக்காது. துளையைத்தான் பெரிதாக்க வேண்டும்.

சோலினாய்டுக்குப் பெரும்பாலோர் வாங்குவது மேக் நிறுவனத்தின் 12 வோல்ட் வால்வு அல்லது அதன் நகல். போர்ட் எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் படத்தை நம்ப வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரசர் பக்கமும் ஆக்சுவேட்டர் பக்கமும் ஒன்றுக்கொன்று திறந்திருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் ஆக்சுவேட்டர் பக்கம் வெளிக்காற்றுக்கான வென்ட்டுக்குத் திறக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்படி மாட்டினால் வயர் அறுந்தாலும் ஃப்யூஸ் போனாலும் கார் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கி நிற்கும். ஆனால் ஆக்சுவேட்டர் ஹோஸ் கழன்றால் கதவு திறக்கவே திறக்காது, பூஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப் கட்டாயம்.

அழுத்தத்தைக் கம்ப்ரசர் ஹவுசிங்கிலிருந்தோ த்ராட்டிலுக்கு முந்தைய குழாயிலிருந்தோ எடுக்க வேண்டும், மேனிஃபோல்டிலிருந்து அல்ல. பாதி த்ராட்டிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். முன்னால் டர்போ அழுத்தத்தைக் கட்டிக்கொண்டே போவது ஆக்சுவேட்டருக்குத் தெரியாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை இசியுவுக்குச் சொல்லும் மேப் சென்சருக்கோ மேனிஃபோல்டிலிருந்து தனிக் குழாய். த்ராட்டிலை மூடியதும் அழுத்தத்தை வெளியே விடும் டம்ப் வால்வோடு டி போட்டுப் பங்கு கொடுக்க வேண்டாம். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் சிலிகான் ஹோஸ், சோலினாய்டுக்கும் ஆக்சுவேட்டருக்கும் இடையில் முடிந்தவரை குட்டையாக. பழைய இரண்டு போர்ட் அமைப்பில் ஹோஸுக்குள் சின்னப் பித்தளை ரெஸ்ட்ரிக்டர் ஒளிந்திருக்கும். அதை எடுக்க மறந்தால் எல்லாம் ஒரு வினாடி தாமதமாக நடக்கும், காரணம் பிடிபடாது. ஃபிட்டிங்கின் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள்; அதன் ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், வால்வு பாதியில் சிக்கி நிற்கும். திரவ சீலன்ட் போதும்.

வயரிங்கில் சொல்ல அதிகமில்லை. ஒரு முனைக்கு ஃப்யூஸ் வழியாக இக்னிஷன் 12 வோல்ட், மறுமுனை இசியுவின் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும்) அவுட்புட்டுக்கு. காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத்தை அடக்கும் ஃப்ளைபேக் டயோடு இசியுவுக்குள் இல்லையென்றால் காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடுள்ள முனை 12 வோல்ட் பக்கமாக. அதிர்வெண் 20 முதல் 30 ஹெர்ட்ஸ். அதைவிட மிக அதிகமாக வைத்தால் உள்ளிருக்கும் ப்ளஞ்சர் முழுதாக நகராமல் வெறுமனே முனகும்.

டேபிளைத் தொடுவதற்கு முன் ஓவர்பூஸ்ட் கட், அதாவது பூஸ்ட் எல்லை மீறினால் எஞ்சினைத் தடுக்கும் பாதுகாப்பு. இலக்கைவிட 15 முதல் 20 கிலோபாஸ்கல் (ஒரு பிஎஸ்ஐ என்பது சுமார் 7 கிலோபாஸ்கல்) மேலே வைத்தால் போதும். அந்த அளவை மேப் சென்சர் உண்மையாகவே படிக்கிறதா என்று பாருங்கள். 2.5 பார் சென்சர் ஏறக்குறைய 1.5 பார் பூஸ்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன நடந்தாலும் இசியுவுக்கு ஒரே எண்தான் தெரியும். ஃப்யூயல், இக்னிஷன் டேபிள்களும் அந்த அளவையும் தாண்டி நிரம்பியிருக்க வேண்டும்.

இனி ஓபன் லூப், அதாவது இசியு தானாகத் திருத்தாமல் டேபிளில் உள்ள எண்ணை மட்டும் பின்பற்றுவது. தானாகத் திருத்தும் க்ளோஸ்டு லூப்பை அணைத்துவிட்டு எல்லா ஆர்பிஎம்மிலும் 20% டியூட்டி (சோலினாய்டுக்கு மின்சாரம் போகும் நேரத்தின் பங்கு), ஒரு ஓட்டம். பிறகு 25, 30 என்று ஐந்தைந்தாக. முதல் 15, 20 சதவீதத்தில் பெரும்பாலும் ஒன்றும் மாறாது, 85க்கு மேலும் கட்டுப்பாடு நழுவும். இலக்கு 30க்கும் 60க்கும் இடையில் வந்து விழுந்தால் ஸ்பிரிங்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 80% கொடுத்தால்தான் இலக்கு வருகிறது என்றால் ஸ்பிரிங் மெலிது. அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுவது மலிவு.

பூஸ்ட் ஏறும் வேகத்தில் இலக்கைத் தாண்டிக் குதிப்பது ஸ்பைக். கதவு திறக்க நேரம் எடுப்பதே காரணம். பல இசியுக்களில், இலக்குக்கு இத்தனை கிலோபாஸ்கல் முன்வரை டியூட்டியை 100 சதவீதத்தில் வைத்துவிட்டு அதற்குப் பின் டேபிளுக்குத் திரும்பும் வசதி உண்டு. 30 கிலோபாஸ்கல் முன்னால் திரும்ப வைத்துத் தொடங்கி, லாகைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

டியூட்டி டேபிள் மட்டுமே இலக்கைச் சுற்றி ஒரு பிஎஸ்ஐக்குள் கொண்டுவந்த பிறகுதான் பிஐடி, அதாவது இலக்குக்கும் உண்மையான பூஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து டியூட்டியைத் திருத்தும் க்ளோஸ்டு லூப் கணக்கு. அதற்கு ±10% அதிகாரம் போதும். முதலில் பி (இப்போதைய வித்தியாசத்துக்கு), பிறகு டி (அது மாறும் வேகத்துக்கு), கடைசியில் கொஞ்சம் ஐ (சேர்ந்துகொண்டே வரும் வித்தியாசத்துக்கு). டர்போ ஏறிக்கொண்டிருக்கும்போதே ஐ கூடிக்கொண்டே போனால், இலக்கைத் தொடும் நேரத்தில் கையில் அளவுக்கு மீறிய டியூட்டி சேர்ந்திருக்கும், குதிப்பு நிச்சயம். இலக்குக்கு 20 கிலோபாஸ்கலுக்குள் வந்த பிறகே க்ளோஸ்டு லூப் இயங்கும்படி வையுங்கள். பூஸ்ட் அலையலையாக ஆடினால் பி-யைக் குறைப்பதற்கு முன் ஹோஸின் நீளத்தைப் பாருங்கள்.

இலக்குக் கோடு ரெட்லைன்வரை தட்டையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்தியாவில் விற்ற பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் சின்ன கே03 வகை டர்போ கீழே தாராளமாகக் கொடுக்கும், மேல் ஆர்பிஎம்மில் திணறும். அங்கேயும் அதே பூஸ்டைக் கேட்டால் டியூட்டி 95க்கு ஓடும். கிடைப்பது காற்றைவிட வெப்பம்தான். 5,500க்கு மேல் இலக்கைச் சரியவிட்டால் பவர் அநேகமாகக் குறைவதில்லை. அந்த எஞ்சினில் கம்பெனியே என்75 என்ற சோலினாய்டைப் பொருத்தியிருக்கிறது. அதன் வழியில் இன்னொரு மேனுவல் கன்ட்ரோலரைச் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, கடைசியில் கார் பவரைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும்.

மலைக்குப் போகும் கார்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பல இசியுக்கள் இலக்கை முழு அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து) வைத்திருக்கும், ஸ்பிரிங்குக்கோ வளிமண்டலத்துக்கு மேலே உள்ளதுதான் தெரியும். சென்னையில் 200 கிலோபாஸ்கல் என்றால் பூஸ்ட் சுமார் 100. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 77தான். அதே 200 வேண்டுமென்றால் டர்போ 123 கட்ட வேண்டும். அழுத்த விகிதம் 2லிருந்து 2.6க்கு எகிறும், டர்பைன் வேகமும் கூடவே. சமவெளியில் ட்யூன் செய்த காரில் பாரோ (வளிமண்டல அழுத்த) திருத்தத்தைப் போட்டு, வளிமண்டல அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவு இலக்கையும் இறக்கிவிடுங்கள். பாரோ சென்சர் இல்லாத இசியு என்றால், சாவி போட்டதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன் மேப் சென்சர் காட்டும் எண்ணையே அது எடுத்துக்கொள்ளும். கீழே ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் மேலே ஏறிய காருக்கு அந்த எண் பழையதாகிவிடும். பாதி வழியில் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும்.